தொண்ணூற்றொரு நாள்

ஞாயிறு காலை. ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி சிப்காட்டின் காலி மனை ஒன்று. கம்பி வேலி ஓரிடத்தில் ஆள் நுழையும் அளவுக்கு வளைந்து கிடக்கிறது. சீமைக்கருவேல நிழலில் பைக்குகள். ஹேண்டில்பாரில் டிபன் பை. சிலர் கழுத்தில் இன்னும் ஐடி கார்டு தொங்குகிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து அறைக்குப் போகாமல் நேராக வந்தவர்கள்.

டென்னிஸ் பந்து கிரிக்கெட். ஸ்டம்புக்கு உடைந்த நீலப் பிளாஸ்டிக் கிரேட். மழைக்காலத்தில் லாரி ஏறி இறங்கிய தடம் வெயிலில் காய்ந்து இறுகியிருக்கிறது.

லாங் ஆனில் நிற்பவன் பந்தைத் துரத்துகிறான். வலது கால் அந்தத் தடத்தின் விளிம்பில் இறங்குகிறது. பாதம் உள்பக்கமாக மடிகிறது. விழுகிறான். பந்து எல்லையைத் தாண்டுகிறது. நாலு ரன் என்று கை காட்டிய பிறகுதான் எல்லாரும் அவன் பக்கம் ஓடுகிறார்கள்.

ஐந்து பேர் சூழ்கிறார்கள். ஒருவன் கட்டைவிரலைப் பிடித்து இழுக்கிறான். ஒருவன் ஸ்பிரே அடிக்கிறான். ஒருவன் "எழுந்து நட, சரியாயிடும்" என்கிறான். தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் பேச்சு நடக்கிறது. மூன்றிலும் தீர்ப்பு ஒன்று: சுளுக்கு.

வெளிக்கணுவுக்கு முன்னால் கோழிமுட்டை அளவு வீக்கம் எழுகிறது.

விக்கெட் கீப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வருகிறான். எல்லாருடைய கையையும் விலக்குகிறான். போன வருஷம் இதே மனையில் மடிந்தது அவன் கால். கூட்டுரோட்டு பிசியோ அன்று செய்ததை இன்று அவன் செய்கிறான். வெளிக்கணுவின் பின்விளிம்பை விரலால் அழுத்துகிறான். அடுத்து உள்கணுவின் பின்விளிம்பு. அடுத்து பாதத்தின் வெளியோரத்தில், சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் மேடு. கடைசியாக, பாதத்தின் உள்வளைவுக்கு மேலே துருத்தும் எலும்பு. அழுத்தும்போது காலைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்க்கிறான்.

"நாலு அடி வை."

நொண்டி நொண்டி நாலு அடி வைக்கிறான். அந்த நாலு இடத்திலும் அழுத்தினால் வலி இல்லை, நாலு அடி வைக்கவும் முடிகிறது என்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, எக்ஸ்ரே தேவையில்லை. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதி. விக்கெட் கீப்பருக்கு ஒட்டாவா தெரியாது. நாலு இடம் தெரியும்.

ஐஸ் மீன்காரரிடமிருந்து வருகிறது. பாலித்தீன் பையில், மீன் வாடையோடு. ஒருவன் பனியனைக் கழற்றிச் சுற்றிக் கொடுக்கிறான். காலை உயர்த்தி வைக்க எதுவும் இல்லை. கிரேட்டைத் தூக்கி வந்து வைக்கிறார்கள். ஸ்டம்ப் போனதால் ஆட்டம் நிற்கிறது.

"நாளைக்கு ஏ ஷிஃப்ட்ணா. நிக்க முடியுமா?"

பனியன் நனைகிறது. யாரும் பதில் சொல்வதில்லை.

அதே ஞாயிறு, பகல். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். முன்பு சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள் 1990 முதல் இங்கே நடக்கின்றன. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். இப்போது பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்; பழைய பெயர்ச் சுருக்கம் எம்எம்ஆர்டி.

ஆம்புலன்ஸ் தடத்தை நோக்கி நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையிலேயே சாப்பிடுகிறார். சாவி போட்ட இடத்தில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் தன் இடத்தில் நிற்காவிட்டால் பந்தயம் தொடங்காது. மார்ஷல் ஒருவர் மடக்கிய கொடியைத் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

மூன்றாவது சுற்றில் ஒரு பைக் சரிகிறது. ஓட்டியவன் சரளைக்கற்களில் உருண்டு, உட்கார்ந்து, எழுந்து நிற்கிறான். வலது கை தானாகப் போய் இடது முழங்கையைத் தாங்குகிறது. இடது தோள் இறங்கியிருக்கிறது. ஓடிவரும் மருத்துவருக்கு ஐம்பதடிக்கு முன்பே தெரிந்துவிடுகிறது: காறை எலும்பு.

ஆனால் தோளை அவர் தொடவில்லை. முதலில் கழுத்து. உட்கார வைக்கிறார்கள். ஹெல்மெட்டைக் கழற்ற இரண்டு பேர். ஒருவர் கழுத்தையும் தாடையையும் தாங்குகிறார். மற்றவர் மெல்ல உருவுகிறார். பையன் உதவிக்குக் கையைத் தூக்குகிறான். "நீ சும்மா இரு."

"இது எந்த டிராக்?"

"எம்எம்ஆர்டி."

"எத்தனாவது லேப்?"

பையன் மருத்துவரின் முகத்தைப் பார்க்கிறான். தடத்தைப் பார்க்கிறான். "மூணு."

பதில் சரி. மருத்துவர் எழுதிக்கொள்வது பதிலை அல்ல, அது வர எடுத்த நேரத்தை. தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே அன்றைய ஆட்டம் முடிந்தது. விளையாட்டில் படும் தலைக்காயம் பற்றிப் பேச 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மருத்துவர்களும் இதையே திரும்ப உறுதிசெய்தார்கள். பையன் பைக்கைப் பற்றிக் கேட்கிறான். ஹேண்டில் வளைந்திருக்கிறதா என்று கேட்கிறான். ஆம்புலன்ஸின் கதவு மூடுகிறது.

விழுந்ததிலிருந்து கதவு மூடும்வரை ஆறு நிமிஷம்.

பேடாக்கில் அவன் வயதுப் பையன்கள் நிற்கிறார்கள். பல ஹெல்மெட்டுகளில் 93 என்ற ஸ்டிக்கர். ஸ்பெயின்காரர் மார்க் மார்க்கேஸின் எண். 2020 ஜூலை 19 அன்று ஹெரேஸ் பந்தயத்தில் அவருடைய வலது மேற்கை எலும்பு முறிந்தது. இரண்டே நாளில் அறுவை சிகிச்சை. அதே வார இறுதியில் மீண்டும் பைக்கில் ஏறினார். இந்தப் பகுதி பையன்களுக்கு மனப்பாடம். ஒருவன் கையை மடக்கிக் காட்டி நடித்தே சொல்கிறான்.

அடுத்த பகுதியைப் பேடாக்கின் மூத்த மெக்கானிக் சொல்கிறார். எலும்பைப் பிடித்திருந்த தகடு பழுதானது. ஆகஸ்டில் இரண்டாவது அறுவை. டிசம்பரில் மூன்றாவது. 2022 ஜூனில் நான்காவது. பையன்கள் பைக்கின் டயரைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள்.

இரவு. வல்லம் வடகால் பக்கம் ஒரு கிராமம். கபடிப் போட்டி. மண் தரையில் சுண்ணாம்புக் கோடு. நாலு மூலையிலும் ஃபிளட் லைட். ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே மைக். முதல் பரிசு ஆளுயரக் கோப்பை. ஆம்புலன்ஸ் இல்லை. மேடைக்குக் கீழே ஒரு முதலுதவிப் பெட்டி. அதன் மேல் மாலைகள்.

ரெய்டுக்கு முப்பது வினாடி. ஏழாம் நம்பர் பனியன் பாடிக்கொண்டு போகிறான். போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறான். இடது கால் மண்ணில் ஊன்றியிருக்கிறது. உடம்பு திரும்பிவிட்டது. கால் திரும்பவில்லை. முட்டி உள்பக்கம் வாங்குகிறது.

'டப்' என்று ஒரு சத்தம். மைக்குக்குக் கேட்கவில்லை. பிடிக்க வந்த கார்னர் ஆட்டக்காரனுக்குக் கேட்கிறது. பிடித்த கையை அவனே விடுகிறான்.

ஏழாம் நம்பர் வெளியே உட்காருகிறான். காலை நீட்டி மடக்குகிறான். ஸ்பிரே அடிக்கிறார்கள். கூட்டம் அவன் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. ஐந்து நிமிஷம் கழித்து எழுந்து உள்ளே போகிறான். கைதட்டல். அடுத்த ரெய்டில் யாரும் தொடாமலே அந்தக் கால் மடிந்து விழுகிறான்.

பரிசளிப்பு முடிவதற்குள் முட்டியின் குழி மறைகிறது. அடிபட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கும் முட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ரத்தம். ரத்தம் கட்டிய முட்டியில் கிழிந்திருப்பது பெரும்பாலும் முன்பக்கத்துக் குறுக்கு ஜவ்வு. டாக்டர்கள் ஏசிஎல் என்பார்கள். மைதானத்தில் ஜவ்வு.

பெரியவர் ஒருவர் முறிவெண்ணெயைச் சூடுபண்ணி எடுத்துவருகிறார். அன்போடு, அழுத்தித் தேய்க்கிறார். பையன் பல்லைக் கடித்துக்கொள்கிறான். "நாளைக்குக் காலைல புத்தூர் கட்டு போட்டுக்கலாம்" என்கிறார்.

காலையில் அவன் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறான். படியில் வலது காலை வைத்து இடது காலை இழுக்கிறான். லைனில் எட்டு மணி நேரம் நிற்கிற வேலை. பத்தரை மணி டீ பிரேக்கில் சூப்பர்வைசர் அவன் பேண்ட்டின் முட்டி இறுகியிருப்பதைப் பார்க்கிறார்.

முதலுதவி அறையின் பதிவேடு. தேதி, நேரம், டோக்கன் நம்பர், காயத்தின் தன்மை. கடைசிக் கட்டத்தில் எங்கே அடிபட்டது என்ற கேள்வி. நர்ஸ் கேட்கிறார். அவன் ஒரு கணம் தாமதிக்கிறான். "வெளியேதான் மேடம்." நர்ஸ் அதை அப்படியே எழுதுகிறார்.

அந்த ஒரு சொல்லுக்கு விலை உண்டு. இஎஸ்ஐயில் வேலையில் பட்ட காயத்துக்குக் கூலியில் 90 சதவீதம். வேலை செய்ய முடியாத காலம் முழுக்க. வெளியே வந்த நோவுக்கு 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்.

டாக்டரின் அறை. வீக்கம் வற்றப் பத்து நாள் ஆகிறது. டாக்டர் முட்டியைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கெண்டையை முன்னால் இழுக்கிறார். நல்ல காலில் இழுப்பு சட்டென்று நின்றுவிடுகிறது. மறு காலில் நிற்காமல் வருகிறது. ஃபிலடெல்ஃபியாவின் எலும்பு மருத்துவர் ஜான் லாக்மன் கற்றுக்கொடுத்த சோதனை. 1976இல் அவருடைய மாணவர்கள் உலகுக்குச் சொன்னார்கள். கருவி எதுவும் வேண்டாம். எம்ஆர்ஐ பிறகு எடுக்கிறார்கள். கை சொன்னதையே அதுவும் சொல்கிறது.

போரூர் ராமச்சந்திராவில் விளையாட்டுக் காயங்களுக்கென்றே தனி மையம் இருக்கிறது. ஒரகடத்திலிருந்து பஸ் மாறிப் போக வேண்டும். நொண்டும் காலுக்கு அது அரை நாள்.

"ஆபரேஷன் பண்ணா எப்போ ஆடலாம் சார்?"

"ஒன்பது மாசம்."

"வேலைக்கு?"

டாக்டர் பேனாவை மூடுகிறார். "என்ன வேலை?"

ஒரகடம் கூட்டுரோடு. மொபைல் கடைக்கு மேலே பிசியோதெரபி கிளினிக். பதினேழு படி, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. எதிர்ச் சுவரில் 'புத்தூர் கட்டு' என்று பெயின்ட்டில் எழுதிய விளம்பரம். கீழே போன் நம்பர்.

மூன்று கட்டில். மின்சிகிச்சைப் பெட்டி ஒன்று. சுவர்க் கம்பியில் மஞ்சள், சிவப்பு, பச்சை ரப்பர் பட்டைகள்; மஞ்சள் இளகியது, பச்சை இறுகியது. தரையில் இன்ச் டேப் ஒட்டியிருக்கிறது. மாலை ஆறரைக்கு பி ஷிஃப்ட் போனவர்கள் வர மாட்டார்கள். ஏ ஷிஃப்ட் விட்டவர்கள் வந்து நிறைகிறார்கள். பாதுகாப்பு ஷூக்கள் வாசலில் ஜோடி ஜோடியாக. எல்லாம் ஒரே கருப்பு. போகும்போது தேடி எடுக்கிறார்கள்.

முதல் கட்டிலில் ஏழாம் நம்பர். அறுவை முடிந்து இரண்டாவது வாரம். பைக் இப்போது அவனிடம் இல்லை. ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறான். முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறார் பிசியோ.

"துண்டை அமுக்கு. அஞ்சு எண்ணு. விடு."

தொடை நடுங்குகிறது. துண்டு அசையவில்லை.

"மறுபடி."

துண்டு அசைகிறது. பத்து முறை. ஒரு மூச்சு. மறுபடி பத்து. ஊரில் பல பேரை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வருகிற தொடை. பிசியோ முட்டிச் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டர் அளந்து புள்ளி வைக்கிறார். அங்கே டேப்பைச் சுற்றுகிறார். வலது 52. இடது 47. நோட்டில் எழுதி, நோட்டை அவன் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்.

இரண்டாவது கட்டிலில் ஒரு வேகப்பந்து வீச்சாளர். முழங்கையில் முறிவு. வாரக்கணக்கில் மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் வைத்துக் கட்டிய கட்டு. எலும்பு கூடிவிட்டது. கை மடங்கவில்லை. தோசையை வாய்க்குக் கொண்டுபோகத் தலையைக் குனிகிறார். பிசியோ முழங்கையில் கோணமானியை வைக்கிறார். போன வாரத்தைவிட ஐந்து டிகிரி கூடுதல். வீச்சாளர் அந்த ஐந்தை வீட்டுக்கு போன் போட்டுச் சொல்கிறார்.

மாடிப்படியின் விளிம்பில் ஒருவன் நுனிக்காலில் நிற்கிறான். குதிகால் காற்றில். மெல்லக் கீழே இறக்குகிறான். நல்ல காலை ஊன்றி மேலே ஏறுகிறான். மறுபடி இறக்குகிறான். பதினைந்து முறை. மூன்று சுற்று. காலையிலும் மாலையிலும். பன்னிரண்டு வாரம். பகலில் குடோன் வேலை. விடியற்காலையில் காவலர் தேர்வுக்கு ஓட்டப் பயிற்சி. 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓட வேண்டும். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் தடித்துவிட்டது.

இந்தப் பயிற்சியை உலகத்துக்குச் சொன்னவர் ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன். அவரும் ஓடுகிறவர். அவருக்கும் அதே இடத்தில் வலி. 1998இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 15 ஓட்டக்காரர்கள் பன்னிரண்டு வாரம் இப்படிக் குதிகாலை இறக்கினார்கள். பதினைந்து பேரும் மீண்டும் ஓடினார்கள். இயந்திரம் தேவைப்படவில்லை. ஒரு படி இருந்தால் போதும்.

கூட்டுரோட்டுக் கிளினிக்கின் ஐந்தாவது படி விளிம்பில் சிமென்ட் மழுங்கிவிட்டது.

வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் இன்னும் எத்தனையோ விடுதிகள். அப்படி ஒன்றிலிருந்து இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். பள்ளியில் வாலிபால் ஆடியவள். விடுதி வாசலில் பந்து கிடைத்தால் இப்போதும் ஆடுகிறாள். குதித்து இறங்கியபோது தோழியின் பாதத்தின் மேல் இறங்கிவிட்டாள்.

"இது எத்தனாவது தடவைம்மா?"

"நாலாவது மேடம்."

"முன்ன மூணு தடவையும் என்ன பண்ணின?"

"வலி போற வரைக்கும் வெயிட் பண்ணினேன்."

பிசியோ வேறு எதுவும் கேட்கவில்லை. ஒற்றைக்காலில் நிற்கச் சொல்கிறார். ஆறு வினாடியில் கை சுவரைத் தேடுகிறது. கண்ணை மூடி நிற்கச் சொல்கிறார். இரண்டு வினாடி. மடிந்த கணுக்காலில் வலி போன பிறகும் போகாதது இதுதான்: பாதம் எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியாத குறை.

"தினமும் பல் தேய்க்கிறப்போ ஒத்தக்கால்ல நில்லு. மேல் வரிசைக்கு ஒரு கால், கீழ் வரிசைக்கு ஒரு கால்."

விடுதியின் கைகழுவும் தொட்டி. காலை ஐந்து மணி. ஏழு குழாய். ஏழு பெண்கள். ஐந்து பேர் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

தொண்ணூற்றொராவது நாள். ஏழாம் நம்பர் படி ஏறி வருகிறான். கைப்பிடியைத் தொடவில்லை. வீக்கம் இல்லை. வலி இல்லை. காலை முழுக்க மடக்கிக் காட்டுகிறான். சிரிக்கிறான்.

பிசியோ சிரிக்கவில்லை. பின்தொடையிலிருந்து எடுத்து முட்டிக்குள் கட்டிய நாண் முதலில் உயிரிழக்கும். பிறகு அதற்குள் ரத்தக்குழாய் வளரும். பிறகு மெல்ல மெல்ல ஜவ்வாக மாறும். முதல் சில மாதங்களில் முட்டி நன்றாகத் தோன்றும். உள்ளே நாண் இன்னும் பலவீனம். வலி இருந்தால் பையன்கள் அடங்கியிருப்பார்கள். வலி இல்லாத மாதம்தான் பிசியோவுக்குப் பயம்.

"நாளைக்கு டியூட்டி" என்கிறான்.

"நிக்கிற வேலையா, உக்கார்ற வேலையா?"

"கேட்டிருக்கேன் மேடம்."

போன் அடிக்கிறது. கான்ட்ராக்டர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அழைக்கிற குரல். இவன் எழுந்து ஜன்னலோரம் போய்ப் பேசுகிறான். இடது காலில் பாரம் போடாமல் நிற்பது பழக்கமாகியிருக்கிறது. பிசியோ கண்ணாடியைக் காட்டுகிறார். பேசிக்கொண்டே இரண்டு காலிலும் சமமாக நிற்கிறான்.

வெயில் போய் மழை வருகிறது. அவனுக்கு உட்கார்ந்து செய்கிற பேக்கிங் கிடைத்திருக்கிறது. கேட்டு வாங்கித் தந்தவர் லைனின் மூத்த ஆப்பரேட்டர். டீ பிரேக்கில் சுவரோடு முதுகை ஒட்டி, நாற்காலி இல்லாத நாற்காலியில் உட்காருகிறான். நாற்பத்தைந்து வினாடி. பக்கத்தில் இரண்டு பேர் போட்டிக்கு உட்காருகிறார்கள். முதலில் எழுவது அவர்கள்தான்.

இடது 48. இடது 49. இடது 50. நோட்டில் பக்கம் திரும்புகிறது.

டிசம்பர். ஏழாவது மாதம். தரையில் ஒட்டிய டேப். பிசியோ முழங்காலிட்டு உட்காருகிறார்.

"நல்ல காலு மொதல்ல."

ஒற்றைக்காலில் தாவி, அதே காலில் இறங்கி, அசையாமல் நிற்க வேண்டும். 172 சென்டிமீட்டர். மறு கால். மூச்சை இழுக்கிறான். தாவுகிறான். 146. அசையவில்லை. அவனே நிமிர்ந்து பார்க்கிறான்.

பிசியோ போனில் கணக்குப் போடுகிறார். 85 சதவீதம். கிளினிக்கில் 90க்குக் கீழே மைதானம் இல்லை. 90 வந்தாலும் ஒன்பது மாதம் முடிய வேண்டும். நார்வேயில் 106 பேரை இரண்டு வருஷம் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு அவர் மேஜையில் இருக்கிறது: ஒன்பது மாதம்வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டியில் மறுகாயம் சுமார் பாதியாகக் குறைந்தது. பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு. அதைப் பார்த்த பையன்கள் பலர். கேட்டவர்கள் சிலர்.

அவன் போன் அடிக்கிறது. டீம் கேப்டன். குரல் கட்டில்வரை கேட்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு மேட்ச் போட்டிருக்கிறார்கள். எட்டு டீம். ஏழாம் நம்பர் பனியனைத் துவைத்து வைத்திருக்கிறார்களாம்.

அவன் டேப்பைப் பார்க்கிறான். 146க்கும் 172க்கும் இடையில் ஒரு சாண் தரை.

"பொங்கலுக்கு இல்லண்ணா."

அந்தப் பக்கம் பேச்சு நீள்கிறது. ஒரே ஒரு ரெய்டு, சும்மா நின்னா போதும், நீ இல்லன்னா டீம் இல்ல. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறான்.

"சித்திரைக்கு வர்றேண்ணா. பொங்கலுக்கு நான் ஸ்கோர் எழுதுறேன். நம்ம டீம்ல கார்னர்ல நிக்கிற தம்பிய ஒருவாட்டி இங்க அனுப்புங்க. மடங்கின காலோடயே ஆடிட்டிருக்கான்."

பிசியோ நோட்டில் புதுப் பக்கம் திருப்புகிறார்.

"அவன் பேரு என்ன? என்ன ஷிஃப்ட்?"